நீலச் சட்டைப் படம்

குமரகுருபரன் தன் புத்தகத்தை வெறுங்கையால் தொடமாட்டார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் இத்தனை பதனமாகத் தூக்கியதில்லை என்று அவர் மனைவி விஜயஸ்ரீ சொல்வதுண்டு. தாமிரபரணி மலையில் பிறக்கிற இடத்திலிருந்து கடலில் விழுகிற இடம்வரை ஒன்பது வருஷம் அலைந்து எடுத்த படங்கள். வீட்டு இருட்டறையில் தானே கழுவி, தடித்த தாளில் ஒட்டி, நூலால் தைத்து, பத்தமடைப் பாயில் அட்டை போட்டு, மொத்தம் இருபத்தொரு பிரதிகள் செய்தார். இருபது எங்கெங்கோ போய்விட்டன. வெளிநாட்டு மியூசியம் ஒன்றில்கூட ஒரு பிரதி இருக்கிறது. மிஞ்சிய ஒன்றைப் பாளையங்கோட்டையில் ஒரு மண்டபத்தில் மூன்று நாள் காட்சிக்கு வைத்திருந்தார். பார்க்க வருகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அவரே பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டுவார்.

இரண்டாம் நாள் காலையில் ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். அந்த அம்மாள் புத்தகத்தைப் பார்க்கவில்லை, நேரே அவர் முகத்தைப் பார்த்தாள்.

“அய்யா, என்னைத் தெரியுதா? இசக்கித்தாய். மேல எஸ்டேட்ல எங்க வீட்டுலதான நாலு நாளு தங்குனிய.”

தெரியாமல் என்ன? பதினோரு வருஷத்துக்கு முன்னால், மணிமுத்தாற்றுக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில், இவள் வைத்த கருவாட்டுக் குழம்பைத் தின்றுதான் அவர் மலை ஏறினார். சைவ வீட்டுப் பிள்ளை என்பதால் அதை அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இவள் புருஷன் சொரிமுத்து தினமும் அரை நாள் லீவு போட்டுவிட்டு, அவருடைய பையை நாலு நாளும் தோளில் சுமந்து கூடவே வந்தான். கண்காட்சிக்கு வாசலில் கட்டியிருந்த பேனரில் இலை மூட்டையோடு குனிந்து நிற்பவன் அவன்தான்.

சொரிமுத்து செத்து இன்றோடு ஒன்பது நாள் என்று இசக்கித்தாய் சொன்னாள். எஸ்டேட்டை மூடியதும் கீழே இறங்கி வந்தார்கள், இறங்கிய பிறகு மனுஷன் தேறவே இல்லையாம். மகள் சுகன்யா டவுனில் ஜவுளிக்கடையில் நிற்கிறாள். பஸ்ஸில் போகும்போது பேனரில் அப்பாவைப் பார்த்துப் பதறி இறங்கியிருக்கிறாள். பதினாறாம் நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. சட்டம் போட்டு மாலை சாத்த வீட்டில் ஒரு படம் இல்லை. கல்யாணப் படம் மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் போயிற்று. ஆதார் அட்டையில் இருக்கிற முகத்தை அவன் பெற்ற தாயே அடையாளம் சொல்லமாட்டாள். செல்போனில் இருப்பதெல்லாம் ஆஸ்பத்திரியில் மூக்குக் குழாயோடு எடுத்தவை.

குமரகுருபரன் மரியாதைக்கு வருத்தம் சொன்னார். பிறகு, தான் செய்யக்கூடிய பெரிய உபகாரம் இதுதான் என்பதுபோல, நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். கழுத்து நரம்பு புடைக்க, வேர்வை சொட்ட, மூட்டைக்கடியில் சொரிமுத்து. அடியில் ‘தேயிலைத் தொழிலாளி, மேற்கு மலை’ என்று மட்டும் எழுதியிருந்தது. அப்பா பெயர் எங்கே என்று சுகன்யா கேட்டாள். பெயர் போட்டால் படம் ஒரே ஆளுடையதாகச் சுருங்கிவிடும், இது எல்லாத் தொழிலாளிகளுடைய முகம் என்று அவர் விளக்கம் கொடுத்தார். இந்த விளக்கத்தை அவர் பல ஊர்களில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறார். சுகன்யா கைதட்டவில்லை. வேண்டுமானால் இதையே பெரிதாகப் போட்டுத் தருகிறேன் என்றார்.

இசக்கித்தாய் படத்தை வெகுநேரம் பார்த்தாள். “செத்த பெறகுமா அய்யா அவுக மூடை சொமக்கணும்? மாலை போட்டு வெளக்கேத்தப்போற படம். எங்களை நிக்கவச்சு எடுத்தியள்லா, அந்த நீலச் சட்டைப் படம், அது போதும்.”

கையுறைக்குள் குமரகுருபரனுக்கு விரல் வேர்த்தது.

அவர் புறப்பட்ட அன்று காலையில் புருஷனும் பெண்டாட்டியும் உடுத்தி முடித்து வாசலில் நின்றார்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாற்றுக் கோவிலுக்குப் போட்டுக்கொண்டு போக எடுத்த நீலச் சட்டை அவன்மேல். முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாக. இவள் பட்டுச்சேலையில். பக்கத்து வீட்டு நாற்காலியை வேறு இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள். எங்களையும் ஒண்ணு எடுங்க அய்யா என்று கேட்டபோது அவருக்கு எரிச்சலாக வந்தது. விறைத்துக்கொண்டு நிற்கிறவர்களை எடுக்க ஸ்டுடியோக்காரன் போதாதா, தான் வந்தது வாழ்க்கையை எடுக்க அல்லவா?

அவரிடம் இரண்டு காமிராக்கள் உண்டு. பெரியதில் பிலிம் இருக்கும். சின்னதில் எப்போதுமே இருக்காது. ஆற்றோரம் ஊருக்கு ஊர் ஆட்கள் மொய்த்துக்கொண்டு எங்களை எடு, எங்களை எடு என்பார்கள். அத்தனை பேருக்கும் பிலிமைச் செலவழித்தால் கட்டுமா? யார் மனசும் கோணாமல் சின்னதைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடையைக் கட்டுவார். அதற்குச் ‘சமாதானக் காமிரா’ என்று பெயர் வைத்து, சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறார். அன்றைக்கும் அதைத்தான் எடுத்தார். கழுவி அனுப்புகிறேன் என்று நோட்டில் விலாசம்கூட எழுதிக்கொண்டார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறோம் என்று அப்போது அவருக்குத் தோன்றவே இல்லை.

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மண்டபத்தில் நாலு பேர் நின்றார்கள். குமரகுருபரன் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தார்.

“அதை ஏன் கேக்கிய. அந்தப் பெரிய வெள்ளத்துல வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டும்மா. பழைய பிலிம் அம்புட்டும் போயிட்டு. அதுல உங்க படமும் போயிட்டு.”

அவர் இருப்பது இரண்டாம் மாடியில். ஊரே மிதந்த அந்த வெள்ளத்தில் அவர் வீட்டு வாசல்கூட நனையவில்லை.

இசக்கித்தாய் அழுவாள் என்று நினைத்தார். ஆறுதல் சொல்ல வார்த்தைகூட எடுத்து வைத்திருந்தார். அவள் அழவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.

“வெள்ளம் இப்பத்தான வந்துச்சு அய்யா, அதுக்கு முந்தி அனுப்ப எத்தனை வருசம் இருந்துச்சு? அன்னைக்கு ராத்திரியே அவுக சொன்னாக. ‘நாலு நாளு அவரு பையை நாந்தான் சொமந்தேன். பெரிய காமிராவுக்கு எத்தனை சுருள் மாத்துனாருன்னு எனக்குத் தெரியும். அந்தச் சின்னதுல ஒண்ணுகூடப் போடலை, வெறும் பெட்டியைத் தட்டிட்டுப் போறாரு’ன்னாக. நான் சண்டைக்குப் போனேன். நம்ம சோத்தைத் தின்ன மனுசன், படிச்சவரு, அப்பிடிச் செய்வாரான்னு கேட்டேன். ஒமக்கு யாரைப் பாத்தாலும் கள்ளப் புத்திதான்னு ஏசுனேன். பதினோரு வருசம், தபால்காரர் வாரப்பல்லாம் அவுக என்னைப் பாத்துச் சிரிப்பாக. சாவுறவரைக்கும் நான் விட்டுக்குடுக்கலை அய்யா.”

குமரகுருபரன் ஒரு கையுறையைப் பாதி கழற்றினார்.

“அவுக சொன்னது பொய்யின்னு ஆகட்டும்னுதான் இன்னைக்கு இங்கன வந்தேன். இப்ப அவுககிட்ட நான் எங்கன போயிச் சொல்ல?”

அவள் குரல் உயரவே இல்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அம்மாவும் மகளும் வெளியே போனார்கள். வாசலில் சுகன்யா பேனருக்கு நேராகப் போனைத் தூக்கினாள். இசக்கித்தாய் அந்தக் கையைப் பிடித்துப் பைய இறக்கிவிட்டாள். இருவரும் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

கைலாசம் என்று ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி, அவருக்குத் தெரிந்தவர்தான், மண்டபத்தின் மறுகோடியில் மாட்டியிருந்த படங்களை முடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். பேசியது எதுவும் அவர் காதில் விழுந்திருக்காது. நாற்பத்திரண்டாம் பக்கம் திறந்தபடியே இருந்தது. குனிந்து பார்த்தவர், என்ன முகம் என்று மெச்சிவிட்டு, யார் இந்த ஆள் என்று கேட்டார்.

பெயர் குமரகுருபரனின் நாக்கு நுனியில்தான் இருந்தது. சொன்னால், தெரிந்தும் ஏன் போடவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாய் எல்லாம் வரும். கழன்றிருந்த கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டார்.

“யாரோ ஒரு தேயிலைத் தொழிலாளி, அண்ணாச்சி. பேரு தெரியலை” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்.