காலைப் பிடிக்கிறவர்

தினமும் காலை ஆறு மணிக்கு அந்த வீட்டில் ஒரு மல்யுத்தம் நடக்கும். லாரி மெக்கானிக் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, மனைவியின் இடது காலில் இறுக்கமான மருத்துவக் காலுறையை ஏற்றுவார். அந்தக் காலில் ரத்தம் உறைந்து, பிழைத்து வந்தவள் அவள். வீக்கம் வராமலிருக்க டாக்டர் போடச் சொன்னது. குனிந்து தானே இழுக்க அவள் இடுப்பு ஒத்துழைக்காது.

"லாரி டயர்கூட நான் சொன்னா கேக்குது. இது கேக்குதா பாரு!" என்பார். அவள் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு பக்கத்து அறையில் இருந்த இளைய ஓரகத்தியை, அதாவது மெக்கானிக்கின் தம்பி மனைவியைச் சுட்டது. தனக்குக் காய்ச்சல் அடித்தபோதும் "டீ ஆச்சா?" என்று கேட்டவன் அவள் கணவன். பொறாமைதான், வேறென்ன?

ஒருநாள் ஒர்க்‌ஷாப் ஆட்கள் இருவர் வாசலில் நிற்கும்போது வேண்டுமென்றே சொன்னாள்: "காரியம் ஆகணும்னாதான் ஊர்ல காலைப் பிடிப்பாங்க. எங்க மாமா தினமும் சும்மாவே பிடிக்கிறாரு!"

மறுநாளே ஒர்க்‌ஷாப்பில் அவருக்குக் 'காலைப் பிடிக்கிறவர்' என்று பெயர் விழுந்தது. அதன்பின் ஐந்தரைக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவார். மூத்தவள் தனியாக இழுத்துப் பார்த்தாள். குதிகாலைத் தாண்டவில்லை. காலுறை அலமாரிக்குப் போனது. இளையவளுக்குப் பரம திருப்தி.

நாலாவது வாரம் கால் பூசணிக்காயாக வீங்கியது. மூத்தவள் அழுத அழுகையில் பயந்துபோய் இளையவள்தான் மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நர்ஸ் கேட்டாள்: "புதுசா ரத்தக்கட்டி இல்ல, தப்பிச்சீங்க. ஏம்மா போடறதை விட்டீங்க? அரிக்குதா? வெக்கையா இருக்கா?"

"அதெல்லாம் தாங்கிக்கலாம். போட்டு விட்டவரைப் பாத்து நாலு பேர் சிரிச்சாங்க. யார் ஆரம்பிச்சதுன்னு தெரியல. அதைத்தான் அவரால தாங்க முடியல."

"நான்தான்க்கா," என்றாள் இளையவள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு மெக்கானிக்கை அழைத்துப்போக அதே ஆட்கள் வந்து நின்றார்கள். இளையவள் வழிமறித்தாள். வழுக்காமல் இழுக்க நர்ஸ் சொன்ன ரப்பர் கையுறையை அவரிடம் நீட்டினாள்.

"போட்டு விட்டுட்டுப் போங்க மாமா. நீங்க இல்லாத நாள்ல நான் போடறேன்." பிறகு ஆட்களைப் பார்த்துச் சொன்னாள்: "நல்லா கேட்டுக்கங்க. நோயாளியோட காலைப் பிடிக்கிறது கேவலம் இல்ல. பிடிக்கிறவரைக் கேலி பண்ணி, அந்த நோயாளியோட காலை வாரி விடறதுதான் கேவலம். அதைப் பண்ணினவ நான்."