பிடித்துக் கொடுத்தவன்

அந்த மழைக்காலத்தில் லோகேஸ்வரியின் ஐந்து கோழிகளும் ஒன்றன்பின் ஒன்றாக இறகு உதிர்த்தன. முதலில் கழுத்து, பிறகு முதுகு, கடைசியில் வால். லயத்து வீட்டின் பின்புறம் முழுக்கச் செம்பழுப்பு இறகாகக் கிடந்தது. முட்டையும் நின்றுபோனது. வருடா வருடம் நடப்பதுதான். புது இறகு முளைக்கும்வரை சத்தான தீனி வேண்டும், மலைக்குளிர் படக்கூடாது, முக்கியமாக யாரும் தொடக்கூடாது. முளைத்துவரும் குருத்துக்குள் இரத்தம் ஓடும். விரல் பட்டாலே கோழி துடித்துவிடும். அதனால் தேயிலைக் கொழுந்து வெட்டப் போகுமுன், கம்போங் ராஜா ஊர்க் கடையில் வாங்கிய நெத்திலியை இடித்து, தவிட்டிலும் சோயாச் சக்கையிலும் பிசைந்து வைத்துவிட்டுத்தான் போவாள். கூட்டைச் சுற்றிச் சாக்குக் கட்டியிருந்தாள்.

அடுத்த வீட்டுத் தங்கையாவுக்கு இது பொறுக்கவில்லை. அவர் லோகேஸ்வரியின் கணவன் காளியப்பனுக்குச் சித்தப்பா. எஸ்டேட்டில் கங்காணி. வீட்டில் மூன்று சண்டைச் சேவல் வைத்திருந்தார்.

"இது சீக்குலா. என் சேவலுக்கு ஒட்டிக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

"சீக்கு இல்ல, சின்ன மாமா. இறகு மாத்துது. யாரும் கிட்ட போவாம இருந்தா போதும்."

அவர் துப்பிவிட்டுப் போனார். அதோடு முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள் பின்கதவைத் திறந்ததும் மூக்கு எரிந்தது. கோஸ் பயிரிடும் காய்கறிக் கெபுனில் அடிக்கிற பூச்சிமருந்து வாடை. கோழிகள் கூட்டின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. வாய் திறந்திருந்தது. வெறும் தோல் முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. ஒன்று ஏற்கெனவே விறைத்துவிட்டது.

மற்ற நான்கையும் அள்ளி உள்ளே கொண்டுவந்தாள். வெந்நீரும் சவர்க்காரமும் போட்டு ஒவ்வொன்றாகக் கழுவினாள். கண்ணுக்குத் தண்ணீர் விட்டாள். தன்னுடைய கைலிகளில் சுற்றி அடுப்பு ஓரம் வைத்தாள். அதில் ஒன்று, கழுவிக்கொண்டிருக்கும்போதே அவள் கையில் கழுத்தைத் தொங்கப்போட்டது. அதுவரை அழுகை வரும்போலிருந்தது. அப்புறம் வரவில்லை.

செத்த இரண்டையும் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு தங்கையா வீட்டுக்குப் போனாள். அங்கே மகள் ரூபினியின் நிச்சயத்துக்காக நான்கைந்து பெண்கள் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பார்க்க, வாசலில் நின்று கேட்டாள்.

"மருந்து அடிச்சது நீங்கதானே?"

"ஆமா. உன் நல்லதுக்குத்தான்லா. செல்லு பேனு இருந்தா செத்துடும்."

"செத்தது செல்லு இல்ல. பாருங்க. தோல மூட ஒரு இறகு இல்லாத ஜீவன் மேல, கோஸுக்கு அடிக்கிற மருந்த அடிச்சிருக்கீங்க. உங்க முதுகத் தோலுரிச்சிட்டு அடிச்சா தாங்குவீங்களா?"

பெண்கள் கரண்டியை நிறுத்திவிட்டார்கள். தங்கையாவின் முகம் கறுத்தது.

"என்னமோ திருட்டுத்தனமா செஞ்ச மாதிரி கத்துற? நான் ஒத்த ஆளா பம்ப்பையும் பிடிச்சு கோழியையும் பிடிக்க முடியுமா? ஒவ்வொண்ணா றெக்கையப் பிடிச்சுத் தூக்கிக் காமிச்சவன் உன் புருஷன். அவனப் போய்க் கேளு!"

அவள் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினாள். கோழிகளைப் புதைக்க மண்வெட்டியை ஓங்கிப் போட்ட போட்டில் பிடி கழன்றுவிட்டது.

காளியப்பன் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கியபோது அவள் கை கழுவாமல் நின்றிருந்தாள். வழியிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டே வந்தான்.

"மத்தியானம் சாப்பிட வந்தேன், சித்தப்பா வந்து நின்னாரு. பெரியவரு பேச்ச எப்படித் தட்டுறது, லோகேஸ்?"

"நான் ஊட்ல இல்லன்னு தெரியும்தானே?"

"தெரியும்."

"தொடக்கூடாதுன்னு நான் சொன்னது?"

"தெரியும். ஆனா அவரு..."

"பிடிக்கிறப்ப கத்துச்சா?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றத் தொடங்கினான்.

"கேக்கிறேன்ல? கத்துச்சா?"

"கத்துச்சு."

"கேட்டுக்கிட்டே பிடிச்சிருந்த."

கல்யாணமான நாள் முதல் அவள் அவனை 'நீ' என்று பேசியதில்லை. அதை இருவருமே கவனித்தார்கள். அவள் உள்ளே போய், அவனுக்காகத் தட்டில் போட்டிருந்த சோற்றைத் திரும்பப் பானையில் கொட்டினாள்.

மீதி மூன்று கோழிகளும் முன்னறையிலேயே பெட்டிக்குள் இருந்தன. ரூபினியின் நிச்சயத்துக்கு லோகேஸ்வரி போகவில்லை. தங்கையாவின் மனைவி மணியம்மா வந்து மூக்கைச் சிந்தினாள்.

"ரெண்டு கோழிக்காக சொந்தத்த விடுவியா?"

"கோழிக்காக மட்டும் இல்ல, சின்னத்த. என் ஊட்டுக்குப் பின்னால வந்து, என் பொருள, என்னக் கேக்காம செஞ்சாரே, அதுக்கு. இப்பக்கூட அவரு வரல, உங்கள அனுப்பிருக்காரு."

காளியப்பன் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தான். அவள் அவனோடு பேசுவதையே நிறுத்தியிருந்தாள்.

பிறகொரு காலை, வேலைக்கு ஏற்றிப்போகும் லோரிக்காகக் காத்திருந்த இடத்தில் எல்லோர் முன்னாலும் தங்கையா சிரித்தார்.

"என்ன லோகேஸு, மொட்டைக் கோழிக்குச் சுவெட்டர் பின்னியாச்சா?"

சிலர் சிரித்தார்கள். அவள் பதில் சொல்ல வாயைத் திறக்குமுன், ஃபேக்டரிக்குக் கிளம்பிய காளியப்பன் மோட்டாரை நிறுத்தினான். 

"சித்தப்பா, இனிமே எங்க ஊட்டுப் பின்பக்கம் வராதீங்க. அன்னிக்கு நான் பிடிச்சுக் குடுத்தது தப்பு. நீங்க அடிச்சதும் தப்பு. இதுக்கு யாரும் சிரிக்க வேணாம்."

சிரிப்பு நின்றது. தங்கையா எதையோ முனகிக்கொண்டு நகர்ந்தார். லோகேஸ்வரி கணவனைப் பார்க்காமல் லோரியில் ஏறினாள். இப்போது சொல்லத் தெரிந்த வாய் அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று நினைக்க நினைக்க, பகல் முழுக்க நெஞ்சு கொதித்தது.

மாலையில் வீட்டுக்கு வந்தால், அவன் குசினி அடுப்போரம் குத்துக்காலிட்டு நெத்திலியைத் தவிட்டில் பிசைந்துகொண்டிருந்தான். பெட்டிக்குள் கோழிகளின் முதுகில் குருத்து விரிந்து, பளபளவென்று இறகு வந்திருந்தது. அவன் சட்டியில் தண்ணீர் வழிந்தது.

"தண்ணி ஜாஸ்தி," என்றாள். "தவிடு போடு."

அவ்வளவுதான் பேசினாள். அவன் தவிட்டை அள்ளிப் போட்டான்.