பாறைமுனை நெருப்பு

கணவன் முதல் ஷிப்டுக்குப் போன பிறகுதான் தமிழ்நிலா பதிவுக்கு உட்காருவாள். பயண வீடியோக்களுக்குக் குரல் கொடுப்பது அவள் வேலை. இரைச்சல் விழாமலிருக்க ஃபேனை நிறுத்தி, அறைக்கதவைச் சாத்தி, தலையோடு போர்வையைப் போர்த்திக்கொள்வாள்.

அன்று நாஃப்பிலியோ என்ற கிரேக்கத் துறைமுகத்தின் கதை. கடல்தெய்வம் பொசைடனின் மகன் நாப்லியஸ் உண்டாக்கிய ஊர். பிற்காலத்தில் வெனிஸ்காரர்கள் கோட்டை கட்டி ஆண்டார்கள். நாப்லியஸின் வம்சத்தில் அதே பெயரில் இன்னொருவன் வந்தான். டிராய் போரில் அவன் மகன்மேல் சொந்தப் படையே பொய்ப்பழி சுமத்திக் கல்லால் அடித்துக் கொன்றது. பழிவாங்க அந்தத் தகப்பன் ஒரு பாறைமுனையில் நெருப்பு மூட்டிக் காத்திருந்தான். ஊர் திரும்பிய அந்தப் படையின் கப்பல்கள் அதைத் துறைமுக வெளிச்சமென்று நம்பி, மோதிச் சிதறின.

பதிவைப் போட்டுக் கேட்டாள். கடைசி வரிக்குப் பின்னால் ஒரு விம்மல் கேட்டது. ஆண் குரல்.

மறுபடி ஓட்டினாள். அதே விம்மல். கதவின் அடி இடுக்கில் இரண்டு கால்களின் நிழல் தெரிந்தது. வாசலைத் தாழிட்ட நினைவில்லை. இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

“யாரு?”

கதவை நோக்கி ஓரடி வைத்தாள்.

“யாருன்னு கேக்கறேன்ல?”

“நாந்தான் பாப்பா. பின்னாடி வூட்டு குழந்தைவேல்.”

இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் மனிதர். மகன் பிரவின்குமார் சரக்குக் கப்பலில் இருக்கிறான்.

“கூப்புட்டுக்கினே வந்தேன். பையன்கிட்டேருந்து போனே இல்ல. கிரீஸுக்குப் போறோம்னு சொன்னான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீ படிச்சியே, அது எப்ப நடந்துச்சு?”

“ஐயோ மாமா, அது புராணக்கதைங்க.”

“அந்த ஊரு இப்ப இருக்குதா?”

“இருக்குதுங்க.”

“அப்ப அந்தப் பாறையும் இருக்குமே.”

அவருடைய பயம் இப்போது அவளையும் தொற்றிக்கொண்டது. பிரவினின் எண்ணுக்குத் தன் போனிலிருந்து அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தாள். மூன்றாம் முறை, தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல்:

“ஹலோ, யாருங்க?”

குழந்தைவேல் போனைப் பிடுங்கிக்கொண்டார். காற்று பலமாக இருந்ததால் கப்பலை நடுக்கடலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்களாம், சிக்னலே இல்லையாம்.

“இப்ப கரை தெரியுதா?”

“தெரியுதுப்பா.”

“சரியான கரைதானான்னு பார்த்துக்கடா.”

“என்னப்பா சொல்ற?”

அவர் போனோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். தமிழ்நிலா ஃபேனைப் போட்டுவிட்டு, அவருக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள்.