ஓதின தண்ணீர்

பிள்ளையிடம் எதுவும் நெருங்கிவிடக் கூடாது என்று என் வீட்டுக்காரர் அப்துல் கஃபார் படுத்திய பாட்டை மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் அறியாதவர் கிடையாது. எங்களுக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக ஷஃபியுல்லா பிறந்ததும் மனிதர் முழுநேரக் காவல்காரராகிவிட்டார். பட்டாளத்துக்குக் காக்கி உடுப்புத் தைக்கும் கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு, நாங்கள் சில்லா இருந்த அறை வாசலில் பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பிள்ளை பெற்றவளும் குழந்தையும் நாற்பது நாள் ஒரே அறையில் இருப்பதைத்தான் சில்லா என்போம். நாங்கள் வெளியே வரக் கூடாது என்பது வழக்கம். உள்ளே யாரும் வரக் கூடாது என்பது இவர் போட்ட சட்டம்.

அவருடைய தங்கை சகினா, புருஷன் இறந்த பிறகு எங்களோடு இருந்தவள். எனக்குச் சோறு கொண்டு வருவது அவள்தான். அவளுக்கும் நிலைப்படியோடு சரி. தட்டை உள்ளே தள்ளிவிட்டுப் போய்விட வேண்டும். பிள்ளையைத் தூக்க ஆசைப்பட்டால் வாசலில் இருந்த மண்பானையில் கையை நனைத்து, முகத்தில் தடவிக்கொண்டு வர வேண்டும். அந்தப் பானையில் இருந்தது லேசுப்பட்ட தண்ணீர் அல்ல, தர்காவில் ஹஜ்ரத் ஓதி ஊதிக் கொடுத்தது. ஓதின தண்ணீரைக் கால் படும் இடத்தில் கொட்டினால் பாவம். எங்கள் முற்றமோ முழுக்கக் கல் பாவியது, ஊற்றுவதற்கு ஒரு மரத்தடி கிடையாது. ஆகவே பானை குறையக் குறைய மேலே கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தார். பழைய தண்ணீர் ஒரு துளி இருந்தாலும் பரக்கத், அதாவது ஓதின அருள், போகாது என்பது அவர் எண்ணம். என் எண்ணமும் அதுதான்.

யுத்தம் நடந்த அந்த வருஷம் மழைக்குப் பிறகு தெருவில் முறிகாய்ச்சல் கிளம்பியது. எங்கள் வீட்டில் முதலில் விழுந்தவர் இவர்தான். எலும்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, கண்ணைத் திறக்க முடியவில்லை. அப்போதும் வாசலை விட்டு நகராமல் பகலெல்லாம் அங்கேயே படுத்துக்கொண்டு, "யாரும் உள்ள போவாதீங்க" என்று முனகினார். அந்த உடம்போடு காவல் இல்லாவிட்டால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அவர் தேறி எழுந்த சமயத்தில் கார்ப்பரேஷன் இன்ஸ்பெக்டர் வந்தார். பின்னால் மண்ணெண்ணெய் டின்னோடு ஓர் ஆள். திரைக்குள்ளிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"காய்ச்சல்காரரைக் கடிச்ச கொசுதான் பாய் அடுத்தவங்களுக்குக் கொண்டுபோவுது. கண்ணுக்குத் தெரியாத கிருமி. உடம்புக்குள்ள அது பூர்ற வழி அந்தக் கடிதான், அத்த அடைச்சாத்தான் உண்டு. பகல்ல கடிக்கிற கொசு இது. வூட்டுல நிக்கிற தண்ணியிலதான் முட்டை வெக்குது. பானை, தொட்டி எல்லாத்தையும் பாக்கணும்."

"கோஷா வூடு சார். உள்ள பொம்பளைங்க கீறாங்க."

"நான் முத்தத்துலயே நிக்கிறேன். நீங்களே எடுத்தாந்து காட்டுங்க."

எங்கள் தெருவில் அப்படித்தான் வழக்கம். இவர் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைத்தார். குண்டு விழுந்தால் நெருப்பணைக்க வைத்திருந்த பீப்பாய் வரை போனது. சிலதைக் கவிழ்த்தார்கள், சிலதில் எண்ணெய் ஊற்றினார்கள். அந்த ஒரு பானையை மட்டும் இவர் தூக்கிக்கொண்டு திரையை விலக்கி உள்ளே வந்தார். என் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே ஒரு துணியைப் போட்டார்.

"இதுலயும் எண்ணெய ஊத்திடுவானுங்க" என்றார் மெதுவாக.

வெளியே இன்ஸ்பெக்டர் கேட்டார்: "அவ்ளோதானா பாய்?"

"அவ்ளோதான் சார்."

அந்நிய ஆண் எட்டிப் பார்க்க முடியாத அறை. அதைவிடப் பத்திரமான இடம் வேறு எது? இன்ஸ்பெக்டர் மறுபடியும் வருவார் என்று பானை அங்கேயே இருந்தது; கை நனைக்க அதிலிருந்து ஒரு செம்பு மட்டும் மொண்டு வாசலில் வைத்தார். ராத்திரி கொசுவலையை இறக்குவோம். பகலில் புழுக்கம் தாங்காது, சுருட்டி மேலே போட்டுவிடுவோம்.

சில்லா முடியப் போகும் சமயத்தில் ஷஃபியுல்லாவுக்கு உடம்பு கொதித்தது. முதலில் விடாமல் அழுதான். பிறகு அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மார்பில் வாயை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். லேடி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பாலைப் பீய்ச்சிச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார். வேறு மருந்து இல்லை என்றார்.

உச்சி வெயில் ஜன்னல் வழியாக விழுந்துகொண்டிருந்தது. நெற்றியில் தடவலாம் என்று கட்டிலுக்கு அடியில் கையை விட்டேன். துணி நழுவிக் கிடந்தது. அள்ளிய தண்ணீரில், என் உள்ளங்கையில், நாலைந்து புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. பானை விளிம்பில் வெள்ளை வரிக் கால்களோடு ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. எழுந்து பானையைத் தூக்கிக்கொண்டு, சில்லாவை முறித்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்ச் சாக்கடையில் கவிழ்த்தேன். அவர் டாக்டரை வழியனுப்பப் போயிருந்தார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

மறுநாள் நண்பகல் லுஹர் பாங்குக்கு முன்பே பிள்ளைக்கு மூச்சு அடங்கிவிட்டது. அவரும் பக்கத்து வீட்டு அக்பர் பாஷாவும் கையிலேயே ஏந்திக்கொண்டு போனார்கள்.

பிள்ளையை அடக்கிவிட்டுக் கபரஸ்தானிலிருந்து திரும்பியவர் நேரே சகினாவிடம் போனார்.

"நீதான். கைய நனைக்காம உள்ள பூந்து தூக்கினே. வந்தது உன்னாலதான்."

"இல்லண்ணே, அல்லா மேல ஆணையா இல்ல..."

"இனிமே இந்த வூட்ல நீ இருக்காதே. மூட்டையக் கட்டு."

போக அவளுக்கு இடம் ஏது? நான் திரைக்குள்ளிருந்து சொன்னேன்: "அவ இன்னா பண்ணா? நீங்க கட்டிலுக்கு அடியில வெச்ச பானையில புழு நெளிஞ்சுகினு இருந்திச்சு. என் கையில அள்ளிப் பாத்தேன். கொசுவும் அதுலயே குந்திகினு இருந்திச்சு."

அவர் திரைப் பக்கம் திரும்பினார்.

"அது ஓதின தண்ணியாச்சே" என்றார்.

"கொசுவுக்கு அதெல்லாம் தெரியாதுங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்துச் சகினா சோறு கொண்டுவந்து, நிலைப்படிக்கு வெளியே நின்றபடி தட்டை உள்ளே தள்ளினாள்.

"உள்ள வா சகினா" என்றேன்.

"வேணாம் பாபி."

"வா. இனிமே இன்னா கீது."

வந்தாள். முந்தானையில் இரண்டு கைகளையும் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்ட பிறகுதான் என்னைத் தொட்டாள்.