மூச்சு ஊதி மூடிய டின்

வார்னிஷ் டின்னின் மூடி ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது என்று மேனகா சொன்னால், அதைவிடப் பெரிய பொய் கொல்லிமலையிலேயே கிடையாது. பதினாறு வருஷம் புருஷன் பூபதியோடு சேர்ந்து கதவு ஜன்னலுக்கு வார்னிஷ் அடித்தவள். வேலை முடிந்ததும் டின் வாயைச் சுற்றியிருக்கும் பள்ளத்தைத் துணியால் வழித்துத் துடைப்பாள். விரல் நுனியில் தேங்காயெண்ணெய் தொட்டு ஒரு சுற்றுத் தடவுவாள். மேலே பாலித்தீன் காகிதம் ஒன்றை விரித்து மூடியை அமுக்குவாள். ஆறு மாதம் கழித்து வந்தாலும் ஸ்க்ரூடிரைவரை இரண்டு இடத்தில் கொடுத்து நெம்பினால் போதும், திறந்துகொள்ளும். அப்பேர்ப்பட்டவள்தான் திண்ணனூர் நாடு என்ற மலைக்கிராமத்தில் வெங்கிடுசாமி வீட்டு வாசலில் நின்றுகொண்டு, அந்த ஒரு டின் மட்டும் திறக்கவில்லை என்று கூசாமல் சொன்னாள்.

வெங்கிடுசாமி கேட்டதில் தப்பே இல்லை. போன வருஷம் அவர் வீட்டுப் பலாமரக் கதவுகளுக்குப் பூபதி கண்ணளவில் ஒரு நிறம் கலந்து அடித்திருந்தான். இப்போது அவர் புதிதாக ஓர் அறை கட்டியிருந்தார். அதன் கதவுக்கும் அதே நிறம்தான் வேண்டும் என்றார். மேனகா மூன்று தடவை கலந்து பார்த்தாள். ஒன்று சிவந்துபோனது, ஒன்று கறுத்துப்போனது, மூன்றாவது எதிலும் சேர்த்தியில்லை. பழைய நிறம் அரை டின் அவளிடம் மிச்சமிருப்பது அவருக்குத் தெரியும்.

"அதத் தொறந்து அடிச்சுட்டுப் போயிரு அம்மிணி. ஏன் கெடந்து அல்லாடறே?" என்றார்.

எப்படித் திறப்பாள்? டின்னை மூடுவதற்கு முன் உள்ளே ஒரு மூச்சு ஊதுவது பூபதியின் பழக்கம். வெளிக்காற்று உள்ளே நின்றால்தான் வார்னிஷ் பால் மாதிரி ஆடை கட்டும், நம் மூச்சை நிரப்பி மூடினால் கட்டாது என்பான். நிஜமாகவே கட்டாது. போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மலைக்குக் கீழே பேளுக்குறிச்சியில் தங்கள் வீட்டில், இந்த டின்னையும் அப்படித்தான் நெஞ்சு நிறைய இழுத்து ஊதி மூடினான். மூடிவிட்டுச் சுவரில் சாய்ந்தவன் பிறகு எழுந்திருக்கவில்லை.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் சாவு விழுந்தால், எடுப்பதற்கு முன்னால் மூடியிருக்கிற அத்தனையையும் திறந்துவிட வேண்டும். பானை, டப்பா, பெட்டி என்று ஒன்றும் பாக்கி இருக்கக்கூடாது. போகிற உயிர் எதற்குள்ளாவது மாட்டிக்கொள்ளுமாம். பூபதியின் அக்கா நாமகிரி, மேனகாவுக்கு நங்கை, அதே வீட்டில் கூட இருப்பவள், அழுதுகொண்டே அடுக்களையில் ஒவ்வொன்றாகத் திறந்தாள். வார்னிஷ் டின்களைத் திறக்கும் வேலை மேனகாவுக்கு வந்தது. எல்லாவற்றையும் திறந்தாள். இந்த ஒன்றை மட்டும் பழைய துணி மூட்டைக்குள் செருகிவிட்டாள். அவன் நெஞ்சு நிறைய விட்ட கடைசி மூச்சு அதில் இருக்கிறது, திறந்தால் போய்விடும். அதற்குப் பிறகு எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் அந்த மூட்டை கூடவே போனது. பைத்தியக்காரத்தனம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

மலையில் நாலாம் நாள் காலை. பனிமூட்டம் ஜன்னல் வழியாகப் புது அறைக்குள் வந்து நின்றது. மேனகா முந்தின நாள் மூடிவைத்த டின்னை எடுத்து நெம்பினாள். வரவில்லை. அடுத்ததை எடுத்தாள், அதுவும் வரவில்லை. குனிந்து பார்த்தாள். பள்ளத்தில் ஒரு சொட்டு வார்னிஷ் இல்லை, தடவிய எண்ணெயின் பளபளப்புகூட அப்படியே இருந்தது. ஆறு டின்னும் இறுகிக் கிடந்தன. ஐந்தாவதில் ஸ்க்ரூடிரைவரின் முனை வளைந்தது. ஆறாவது தின்னர். தின்னரில் ஒட்டுவதற்கு என்ன பிசினா இருக்கிறது?

அப்போதுதான் மூட்டைக்குள் அந்தச் சத்தம் கேட்டது. டொக்கென்று ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

துணியை விலக்கினாள். பூபதி மூடிய மூடியின் நடுப்பாகம் மேலே உப்பியது, பிறகு உள்ளே அமுங்கியது. மறுபடி உப்பியது. வெயில் ஏறினால் டின் உப்பும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெயில்தான் எங்கேயும் இல்லையே. ஏணியில் ஏறி இறங்கிய பிறகு அவன் இப்படித்தான் மூச்சு வாங்குவான், நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. அவளுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். பயத்துக்கு முன்னால் சந்தோஷம்தான் வந்தது அவளுக்கு. பாவி மகள், அதுதான் உண்மை.

இரண்டு கையாலும் மூடியை அமுக்கிப் பிடித்தாள்.

"போவாதீங்க. எங்கூடவே இருங்க," என்றாள்.

அவள் அமுக்க அமுக்க உள்ளேயிருந்து வேகமாக முட்டியது. கணக்குத் தப்பியது. நீளமானது நின்றுபோய், குட்டை குட்டையாக, ஒன்றின்மேல் ஒன்றாக வந்தது. தண்ணீரில் முங்கியவனைத் தலையில் கைவைத்து அழுத்தினால் எப்படி உதறுவானோ அப்படி அவள் உள்ளங்கையில் உதறியது. எவனை விடமாட்டேன் என்று பொத்திவைத்தாளோ, அவனுக்குத்தான் மூச்சு முட்டுகிறது. அது புரிந்ததும் அவள் கைகள் தாமாகவே விலகின. ஐயோ, இத்தனை மாதமாக நான் என்ன காரியம் செய்துகொண்டிருந்தேன் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

வளைந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து விளிம்பில் வைத்தாள். நெம்பக்கூட இல்லை, மூடி தானாக எழும்பியது. வெதுவெதுப்பாக ஒன்று கன்னத்தில் பட்டு, காதோரம் மயிரை அசைத்துக்கொண்டு போனது. அவன் போடும் வெற்றிலையும் புகையிலையும் மணந்தன. உள்ளே வார்னிஷ் ஆடை கட்டாமல் தெளிவாக இருந்தது. அவளுக்குப் பின்னால் ஆறு டின்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் படக் படக்கென்று திறந்துகொண்டன. வெகுநேரம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை, உட்கார்ந்து அழுதாள்.

வெங்கிடுசாமி வீட்டுக்குப் பின்புறம் மேட்டில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். அங்கே ஏறி நின்று நாமகிரியைக் கூப்பிட்டாள். திட்டு விழும் என்று தெரிந்தேதான் கூப்பிட்டாள்.

"அன்னிக்கு ஒரு மூடிய நான் தொறக்கலீங்க நங்கை. அவரு மூடுனது. இப்பத்தான் தொறந்தேன்."



"அதானா கண்ணு," என்றாள் நாமகிரி. "பதினோரு மாசமா கனவுல வந்து, மூச்சு முட்டுதுக்கா, மூடியத் தொறன்னு கேட்டுட்டே இருந்தான். எந்த மூடின்னு சொல்லல. நீ தாங்கமாட்டேன்னு நானும் உங்கிட்டச் சொல்லல. அதான் தெனமும் விடிஞ்சதும் அடுக்களைல இருக்கற மூடியெல்லாம் தொறந்து தொறந்து வெச்சேன். சக்கரைல எறும்பு ஏறுதுன்னு நீகூட எங்கிட்டச் சண்டைக்கு வந்தியே."