கராஜில் விழுந்த பச்சைத் துளி

சேலைக் கடையில் இருபத்திரண்டு வருடம் நின்றவனுக்கு மனிதர்களைப் பற்றி ஒன்று நிச்சயமாகத் தெரியும். ‘ஆகா, என்ன கரை, என்ன நிறம்’ என்று கன்னத்தில் கை வைத்துப் புகழ்கிறவர் வாங்க மாட்டார். நாலு சேலையைப் பிரிக்க வைத்து, ஐந்தாவதைத் தோளில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு, பிள்ளை காரில் காத்திருக்கிறது என்று போய்விடுவார். முந்தானையைத் திருப்பி, ஒரு நூலை நகத்தால் கிளறி, “உது ரெண்டு தரம் தோய்க்கச் சாயம் போயிடும்” என்று முகத்தைச் சுளிக்கிறாரே, அவர்தான் ஆள். அவர் மூன்றாவது குறையைச் சொல்லும்போது பையை எடுத்து வைத்துவிடலாம்.

வாகீசனுக்குக் கனடாவில், மில்லிக்கன் பக்கத்துப் பிளாசா ஒன்றில் சேலைக் கடை, மல்வேர்னில் ரவுன்ஹவுஸ் என்கிற வரிசைவீடு, அந்த ரவுன்ஹவுஸின் கீழே ஒரு கார் மட்டுமட்டாக நிற்கக்கூடிய கராஜ். ஆனால் கார் வெளியேதான் பனியில் நின்றது. உள்ளே மகாராசா மாதிரி ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. கறுப்பு நிறம், இரண்டு சிலிண்டர், அவனுடைய கலியாணத்தைவிட நாலு வயது மூத்தது. பக்கத்துச் சுவரில் இரண்டு தலைக்கவசங்கள் தொங்கின. பெரியது தேய்ந்து போயிருந்தது. சின்னது அவன் மனைவி சந்திரவதனாவுக்கென்று ஏழு வருடத்துக்கு முன் வாங்கியது. விலைச்சீட்டு இன்னும் அதில் ஆடிக்கொண்டிருந்தது.

போன வருடம் பனிக்காலம் முடிந்து வண்டியை எழுப்பியபோது காபரேற்றர் கசிந்துவிட்டது. பெற்றோல் மணம் படியேறிப் படுக்கையறை வரை வந்து, சந்திரவதனா மூன்று நாள் தலையிடியோடு படுத்தாள். அதனால் ஒக்டோபரில் பேச்சுவார்த்தை நடந்தது. “இப்பவே வித்துப்போடுங்கோ” என்று அவள் தொடங்கினாள். “என்ர சீவன் இருக்குமட்டும் இல்லை” என்று அவன் தொடங்கினான். இரண்டு பேரும் பேரம் தெரிந்தவர்கள் என்றபடியால் ஒரு மணித்தியாலத்தில் நடுவில் சந்தித்தார்கள். இன்னும் ஒரு குளிர்காலத்துக்கு வண்டி நிற்கலாம். ஆனால் வசந்தத்தில் நிலத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் அது, வாங்கக் காத்திருக்கும் பழக்கக்காரன் றூபனுக்குப் போகும். அந்த இடத்தில் பெட்டி மீன் வாங்கிப் போட அவளுக்கொரு பெரிய ஃபிரீசர் வரும்.

“ஒரு சொட்டு,” என்று சுட்டுவிரலைக் காட்டினாள். “ரெண்டாவது சொட்டு விழுமட்டும் நான் பாத்துக்கொண்டு நிக்க மாட்டன்.”

வாகீசன் அஞ்சாமல் சம்மதித்தான். காபரேற்றருக்குப் புது வாசர், புதுக் குழாய் எல்லாம் போட்டாயிற்று. ஏப்ரல் நடுவில், இன்னும் விறைக்க விறைக்கக் குளிர்ந்த ஒரு ஞாயிறு, காரின் பனி ரயர்களைக் கழற்றிக் கோடை ரயர் மாற்றிய கையோடு வண்டியின் போர்வையையும் உருவினான். நிலம் துடைத்த சட்டி மாதிரி இருந்தது. மூன்று வாரம் அப்படியே இருந்தது. மே மாதம் வெயில் எட்டிப் பார்த்தபோது சந்திரவதனாகூட வாசலில் நின்று, “என்னப்பா உது, தலைக்கு எண்ணெய் வைச்ச பிள்ளை மாதிரி மினுங்குது?” என்றாள். தான் இலையுதிர்காலத்தில் பூசிய மெழுகுக்குக் கிடைத்த பாராட்டென்று அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

நீண்ட வார இறுதிக்கு முந்தின புதன்கிழமை, வெயில் இருபத்தெட்டுப் பாகை அடித்த பின்னேரம், அரிசிப் பையெடுக்கக் கராஜுக்குள் போன சந்திரவதனா மோட்டார் சைக்கிளின் கீழே உள்ளங்கையளவு பச்சை ஈரத்தைக் கண்டாள். அவள் கத்தவில்லை. போனில் மூன்று கோணத்தில் படமெடுத்தாள். பிறகுதான் கடைக்கு அழைத்தாள்.

“இஞ்சேருங்கோ, உங்கட ஆள் சொட்டு விட்டிட்டார்.”

“தண்ணியா இருக்கும்.”

“பச்சையா வழுவழுவெண்டு கிடக்கு. றூபனுக்குப் படம் அனுப்பியாச்சு.”

“அதுக்கிடையிலயா?”

“ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே.”

றூபன் வியாழன் மாலையே வந்துவிட்டான். ட்ரக் ஓடுகிறவன், நாற்பது வயது, தலைமயிர் பின்வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து தொப்பி கழற்றாதவன். மூன்று வருடமாக அந்த வண்டியில் கண். குனிந்து ஈரத்தைத் தொட்டு, இரண்டு விரலால் உருட்டி, வைத்தியர் மாதிரி மூச்சு விட்டான்.

“அண்ணை, உது கூலன்ட். பச்சை எண்டால் கூலன்ட்தான். உங்கட ரேடியேற்றர் போயிட்டுது.”

“டேய், இதில ரேடியேற்றரே இல்லை. காத்தில ஆறுற எஞ்சின்.”

றூபன் அசையவில்லை. “அப்ப இன்னும் மோசம்,” என்றான். “பிரேக் ஒயிலாத்தான் இருக்கும். அது பெயின்ற்றைத் தின்னும், தெரியுமே? முன் ஃபோர்க் சீலும் கிழிஞ்சிருக்கும். செயினைப் பாருங்கோ, துரு. சீற்றும் வெடிக்கப் பாக்குது.”

“இவ்வளவு வருத்தக்காரனை நீ ஏன்ரா கொண்டுபோகப் பாக்கிறாய்?”

“உங்களோட பழகின தோசத்துக்கு, அண்ணை. ஒரு உதவியா நினையுங்கோவன்.”

வாகீசன் விரல்களில் எண்ணினான்: நாலு குறை. பை எடுத்து வைக்கலாம். அந்த ஈரம் என்னவென்று மணந்து பார்த்தாவது பிடித்திருக்கலாம். ஆனால் மே மாதம் பிறந்ததுமே மரங்கள் தூவிய மகரந்தத்தில் அவன் மூக்கு இரண்டு துவாரமும் அடைத்துச் சீமெந்து பூசினது போலக் கிடந்தது.

“சனிக்கிழமை காலமை பத்து மணிக்கு ரெயிலரோட வா, றூபன்,” என்றாள் சந்திரவதனா படியில் நின்று.

வெள்ளி மாலை கடையை நேரத்தோடு பூட்டிக்கொண்டு வந்து வாகீசன் விசாரணை தொடங்கினான். கடையிலிருந்து கொண்டுவந்த வெள்ளைப் பொப்ளின் துண்டை வண்டியின் கீழே விரித்தான். பிறகு ஒவ்வொரு திரவமாகக் கூப்பிட்டு விசாரித்தான். எஞ்சின் எண்ணெய் சின்னக் கண்ணாடிச் சாளரத்தில் சரியான கோட்டில் நின்றது, தேன் நிறத்தில். பிரேக் கிண்ணத்தில் அளவு விளிம்பு வரை; பிடியை அழுத்தினால் கல்லு மாதிரி இறுக்கம். முன் ஃபோர்க் இரண்டிலும் வெள்ளைத் துணி சுற்றி, வண்டியை இருபது தரம் அமுக்கி எழுப்பினான். துணியில் ஒரு பொட்டும் இல்லை. பெற்றோல் குழாய் காய்ந்து கிடந்தது. ஒருவரும் ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் கீழே பொப்ளினில், அவன் கண் முன்னாலேயே, டப் என்று ஒரு பச்சைச் சொட்டு விழுந்தது.

கவிழ்த்து வைத்த வாளியின் மேல் குந்தி யோசித்தான். கடையில் ஒரு சேலையும் குறையவில்லை, ஆனால் தினமும் காலையில் வாசலில் ஒரு சேலை கிடக்கிறது என்று வைப்போம். அப்படியென்றால் அது நம் கடைச் சேலையா?

இல்லை!

எழுந்து வண்டியைத் தலை முதல் கால் வரை துடைத்தான். உள்ளே போய்ப் பேபி பவுடர் டப்பாவை எடுத்து வந்து, ரொட்டிக்கு மா தூவுகிற மாதிரி வண்டி முழுதும் தூவினான். கறுப்பு வண்டி வெள்ளை வண்டியாயிற்று. எண்ணெய் வந்தால் பவுடரில் பாதை விழும். பாதை எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கள்ளன். வெயில் பட்ட கதவு இன்னும் சுட்டது. உள்ளே புழுங்கி அவிந்தது. சந்திரவதனா சாப்பிடக் கூப்பிட்டு வந்து, பவுடரைப் பார்த்து, “குளிப்பாட்டிப் பொட்டும் வைச்சு அனுப்பப் போறியளோ?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இரவு திடீரென்று குளிர்ந்து எட்டுப் பாகைக்கு இறங்கியது. சனி விடிய ஆறு மணிக்கு வாகீசன் தேத்தண்ணிக் கோப்பையோடு கீழே வந்து பார்த்தான். பொப்ளினில் விழுந்த சொட்டுகள் ஈரமாக இல்லை. வெளிறிய பச்சையில் மெழுகு மாதிரி உறைந்து குந்தியிருந்தன. ஒன்றை நகத்தால் எடுத்துப் பெருவிரலில் தேய்த்தான். உடம்புச் சூட்டில் உருகி ஓடியது.

கனடாவில் குளிர்காலத்தில் உறைந்து, சுடுதண்ணிக்குள் போத்தலோடு இறக்கினால் உருகுகிற சாமான் ஒன்று ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் இருக்கிறது. அது மோட்டார் சைக்கிளுக்குள் ஊற்றுகிற சாமான் அல்ல.

பவுடரைப் பார்த்தான். எஞ்சினின் அடியிலிருந்து பாதை மேலே போனது. சீற்றின் ஓரத்தால் ஏறி, பெற்றோல் தாங்கியின் நடு முதுகில், மூடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அதற்கு மேலே மோட்டார் சைக்கிளுக்கு உறுப்பே கிடையாது. வாகீசன் மெல்ல அண்ணாந்தான். மேலே பலகைத் தட்டு. தட்டின் விளிம்பில் ஒரு பச்சைக் கண்ணீர், உறைந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது.

ஏணி போட்டு ஏறினான். பனி ரயர்களுக்குப் பின்னால் ஒரு பால்மாத் தகரப் பேணி சரிந்து கிடந்தது. மூடி அரைவாசி திறந்திருந்தது. உள்ளே சந்திரவதனா போன ஓகஸ்டில் தேங்காயெண்ணெயில் செவ்வரத்தம்பூவும் கறிவேப்பிலையும் வெந்தயமும் போட்டு இரண்டு நாள் காய்ச்சிய தலை எண்ணெய். தைப்பொங்கலிலிருந்து அவள் வீடு முழுக்கத் தேடிக் களைத்த அதே எண்ணெய்! அவன் தமக்கை தவமணிதான் அன்று வந்த இடத்தில் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள் என்று முடிவு கட்டி, மச்சாளோடு நாலு மாதமாக வேண்டா வெறுப்பாகப் பேசுவதற்குக் காரணமான அதே எண்ணெய்!

அவன் சிரிக்கப் போனான். பாதியில் சிரிப்பு நின்றது. பேணி தானாகச் சரியாதே. ஏப்ரலில் பனி ரயர்களைத் தூக்கி இந்தத் தட்டில் தள்ளியது யார்? அன்றைக்கு எண்ணெய் கல்லாக உறைந்திருந்தபடியால் பேணி விழுந்தும் ஒரு துளி சிந்தவில்லை. வெயில் வரும்வரை பொறுத்திருந்து இப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறது.

பேணியை இருந்தபடியே விட்டுவிட்டு ஏணியால் இறங்கி, ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தான்.

பத்து மணிக்கு ரெயிலரோடு வந்த றூபன் பவுடரைக் கண்டு, “என்னண்ணை, இறுதிக் கிரியையோ?” என்றான். சந்திரவதனாவும் வந்து படியில் நின்றாள்.

“றூபன், நேற்று இதில எல்லாத் திரவமும் பாத்தன். ஒண்டும் குறையேல்லை. நீயே பார்.”

றூபன் பார்த்தான். சாளரத்தைப் பார்த்தான், கிண்ணத்தைத் திறந்தான், ஃபோர்க்கைத் தடவினான். “பழைய வண்டிகள் இப்பிடித்தான் ஏமாத்தும்,” என்றான்.

“வதனா, ஒப்பந்தம் என்ன?”

“வண்டியில இருந்து ஒரு சொட்டு விழுந்தால்.”

“வேற இடத்தில இருந்து வண்டியில விழுந்து, வண்டியில இருந்து நிலத்தில விழுந்தால்?”

“என்னப்பா விசர்க்கதை?”

வாகீசன் ஏறிப் பேணியை இரண்டு கையாலும் ஏந்தி இறக்கினான். சந்திரவதனா மூடியைப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள், முகர்ந்தாள். முகம் முதலில் மலர்ந்தது. பிறகு தவமணி மச்சாளின் ஞாபகம் வந்து சுருங்கியது.

“ஐயோ, இது என்ர எண்ணெய்! குசினி மணக்குதெண்டு நானல்லோ மேல வைச்சனான்.” உடனே நிமிர்ந்தாள். “வைச்சது நான். சரிச்சது ஆர்? அந்த ரயரை ஏத்தினது ஆர்?”

“நான்தான்.”

“அப்ப பாதிப் பிழை உங்கட.”

“பாதியை ஒத்துக்கொள்ளுறன். மற்றப் பாதிக்கு நீர் அக்காவுக்கு ஒரு போன் எடும். வண்டி நிக்கும்.”

“என்ர ஃபிரீசர்?”

“பனி ரயர் நாலும் போனால் கீழ கிடக்கிற சாமானை மேல ஏத்திப்போட்டு அந்தச் சுவரோட ஃபிரீசர் வைக்கலாம்.”

“ரயர் எங்க போகும்?”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் றூபனைப் பார்த்தார்கள். றூபன் அதைக் கவனிக்கவில்லை. தொப்பியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, எண்ணெய் பட்ட விரல்களை உச்சியில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா,” என்றான், “உது உண்மையா மயிர் முளைக்கச் செய்யுமே?”

“என்ர தலையைப் பாக்கத் தெரியேல்லையோ?”

பதினைந்து நிமிடத்தில் வியாபாரம் முடிந்தது. றூபனின் பெரிய கராஜில் நாலு பனி ரயருக்கும் நவம்பர் வரை இடம். பதிலாக அரைப் போத்தல் எண்ணெய். காற்போத்தல் என்றுதான் சந்திரவதனா தொடங்கினாள். வரும் ஓகஸ்டில் காய்ச்சுவதிலும் பங்கு வேண்டும் என்று றூபன் தொடங்கினான். மோட்டார் சைக்கிள் ஏற்ற வந்த ரெயிலர் ரயர் ஏற்றிக்கொண்டு போனது.

பிறகு இருவருமாகச் சுடுதண்ணியும் சோப்பும் வைத்து வண்டியைக் கழுவினார்கள். பிரேக் தட்டுகளை வாகீசன் தனியாக இரண்டு தரம் துடைத்தான். முதல் உதையிலேயே எஞ்சின் பிடித்து, கராஜ் முழுதும் அதன் சத்தம் நிரம்பியது. நிறுத்தினான். சந்திரவதனா ஈரத் துணியோடு பின்பக்கம் நின்று வண்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

“உந்தப் பின் சீற் என்ன, கறிப்பலகை மாதிரி ஒடுக்கம்?”

“ம்.”

“கால் வைக்கிற கம்பியும் உயரத்தில கிடக்கு. பிடிக்கவும் ஒண்டும் இல்லை.”

அவன் வாயைத் திறந்தான். கம்பி சரியான உயரம்தான், பிடிக்கத் தோள் இருக்கிறது என்று சொல்ல வந்தான்.

“தலையும் கலையும்,” என்றாள் அவள்.

வாகீசன் விரல்களில் எண்ணினான்: நாலு குறை. ஏழு வருடம்! கடையில் இருபத்திரண்டு வருடம் நின்றவன், வீட்டில் ஏழு வருடம் இந்தக் குறைகளுக்குச் செவிடனாக இருந்திருக்கிறான். சுவர்ப் பக்கம் போய்ச் சின்னத் தலைக்கவசத்தை இறக்கினான். தூசியைச் சட்டையில் துடைத்தான். பல்லால் நூலைக் கடித்து விலைச்சீட்டை அறுத்தான்.

“உது எனக்கு இறுக்கும் போல கிடக்கு,” என்று சொல்லிக்கொண்டே சந்திரவதனா அதை வாங்கித் தலையில் போட்டாள்.