பர்கிஸ் வீட்டு வாசலில் நின்ற இரும்புக் குழாய்

பர்கிஸ் எங்கள் எதிர்வீட்டுக்காரர். அம்மா அனுமதி வாங்காமல் முன்னறையில் முடி வெட்டுகிறாள் என்று நகராட்சிக்கு எழுதிப் போட்டவர் அவர்தான். அதோடு அந்தத் தொழில் நின்றது; நாற்காலிகளும் பெரிய கண்ணாடியும் விலைக்குப் போயின. இப்போது அம்மா சூப்பர் மார்க்கெட்டில் டப்பாக்களை அடுக்குகிறாள்.

இந்த வசந்தத்தில் பர்கிஸ் தன் முன்தோட்டத்தை எடுத்துவிட்டுக் கார் நிறுத்த இடம் போட நினைத்தார். நடைபாதையில், கார் உள்ளே நுழைய வேண்டிய வழியைச் சரியாக மறித்து உயரமான பழைய இரும்புக் கம்பம் ஒன்று நின்றது. அடியில் இலைக்கொத்து வேலைப்பாடு, உச்சியில் கிரீடம்.

"விளக்கே இல்லாத விளக்குக் கம்பம். அடுத்த மாசம் நகராட்சியே பிடுங்கிடும், செல்லம்" என்றார் என்னிடம். "அம்மா சௌக்கியமா? கத்தரியெல்லாம் துரு பிடிச்சிருக்குமே."

அது விளக்குக் கம்பம் இல்லை. விக்டோரியா காலத்தில் சாக்கடை வாயு மேலே போவதற்காக நட்ட குழாய் என்று நான் போகும் உள்ளூர் வரலாற்று மாலை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எனக்கு எதிலும் சந்தேகம். அடிப்பகுதியைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்து, இரும்பை வார்த்தவர்களின் பெயரையும் ஆண்டையும் கண்ணால் பார்த்த பிறகே நம்பினேன். பிறகு அதைப் பாதுகாக்கச் சொல்லி நகராட்சிக்கு எழுதினேன். குழாய் மேல் எனக்கு அன்பெல்லாம் கிடையாது. ஆனால் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

குழாயை அகற்றக் கூடாது என்று முடிவு வந்த அன்று பர்கிஸ் எங்கள் கதவைத் தட்டினார்.

"உங்க பொண்ணு ஒரு கக்கூஸ் குழாயை என் தலையில கட்டிட்டா."

"நான் என்ன பண்றது, மிஸ்டர் பர்கிஸ்?" என்றாள் அம்மா. "அனுமதி இல்லாம எதையும் தொடக் கூடாதாமே. நீங்கதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க."

நான் திட்டமிட்டது அவ்வளவுதான். ஆனால் குழாய்க்குச் சாயம் அடிக்க நகராட்சி அனுப்பியவர்கள் கிரீடத்துக்குள் பல வருடத்துப் புறாக்கூடுகள் அடைத்திருப்பதைக் கண்டு, எல்லாவற்றையும் வாரி எடுத்தார்கள். குழாய் மறுபடி மூச்சுவிடத் தொடங்கியது. பர்கிஸ் போன வருடம் மாடிக்கு மேல் கட்டிய படுக்கையறையின் ஜன்னல் கிரீடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது.

ஆகஸ்ட் வெயிலில் அவர் அந்த ஜன்னலைத் திறந்து நான் பார்க்கவில்லை. கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டதோ என்று யோசித்தேன். யோசித்தேனே தவிர, வருத்தம் வரவில்லை.

நேற்றுக் காலை காற்று திசைமாறி நாற்றம் எங்கள் சமையலறைக்கே வந்தது. ஜன்னலை மூட எழுந்தேன்.

"விடுடி, திறந்தே இருக்கட்டும்" என்றாள் அம்மா, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "இங்கயே இப்படின்னா, அங்க எப்படி இருக்கும்னு எனக்குத் தெரிய வேணாமா?"